லூசியேன் ஏறாத மலை

— கடல் இல்ல தமிழு. அது மேகம்.

— நல்லா பாருண்ணா. டவுனத் தாண்டி திண்டிவனம் ரோடு போவுது பாரு, அதுக்கும் அந்தாண்ட. கோடு கிழிச்ச மாதிரி இன்னாமோ மினுக்குது.

— ஏதோ ஏரி. மழ பேஞ்சி ரொம்பிக் கெடக்குது.

— வெயில் சாயும்போது கடல் தெரியும்னு சொல்லுவாங்க.

— யாரு சொல்லுவாங்க?

— சொல்லுவாங்க.

— வந்த வேல முடிஞ்சிடுச்சி, கெளம்பலாமா? நான் மொழிபெயர்க்குற பிரெஞ்சுக் கதையில, செஞ்சி ராணிக்கோட்டை உச்சியில நின்னா கடல் தெரியும்னு எழுதியிருக்கார். தமிழ்ல போடும்போது, தெரியலன்னு கீழ ஒரு குறிப்பு போட்டுடுறேன். மூணு மணி பஸ்ஸப் புடிச்சா இருட்டுறதுக்குள்ள பாண்டி போயிடலாம்.

— ஆறு வருஷம் கழிச்சி ஊருக்கு வந்திருக்க. வந்த கையோட பஸ்ஸப் பத்தியே பேசுற. உக்காரு. காத்து எப்டி வருது பாரு இந்த மண்டபத்துக்குள்ள. எனக்குக் கண்ணு சொருவுது.

— ஊருக்கு எங்க வந்தேன். பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி, ஆட்டோல தல குனிஞ்சிக்கிட்டு மலைக்குதான வந்தேன்.

— தெரியும். நம்ம தெருவு தாண்டுறப்ப செருப்பப் பாத்துக்கினே இருந்த.

— சுவாதிக் குட்டி தேடுவா. நான் இல்லன்னா சாப்ட மாட்டா.

— அண்ணி பாத்துக்கும். நீ அந்த வெள்ளக்காரன் கதையச் சொல்லு. அன்னிக்கு போன்ல பாதி சொல்லிட்டு, க்ளாஸ்க்கு பெல் அடிச்சிடுச்சின்னு வெச்சிட்ட. பேரு இன்னா சொன்ன?

— லூசியேன் கெர்வெல்.

— பேர்லயே லூசு இருக்குது.

— ஒரு காலத்துல பாரிஸ்ல அந்தப் பேரப் போட்டா பேப்பர் விக்கும். அதாவது, இன்னிக்கு சீரியல் மாதிரி அன்னிக்கு அங்க பேப்பர்ல தொடர்கதை. நூத்தி எழுவது வருஷம் முன்னாடி. குளிருக்கு அடுப்பு வெக்க வழியில்லாத ஒரு மாடி ரூமு. ரெண்டு காலையும் வெந்நித் தொட்டியில வெச்சிக்கிட்டுதான் எழுதுவார். தண்ணி ஆறிப்போச்சின்னா அன்னிக்கு எழுத்து முடிஞ்சிது.

— அப்ப வெந்நி போட்டுக் குடுக்க ஒரு ஆளு இருந்திருக்கணும்.

— இருந்தாங்க. அதுக்கு வர்றேன். அவர் எழுதுன மொத்தக் கதையிலயும் ஜனங்க தலமேல தூக்கி வெச்சிக்கிட்டது இந்த செஞ்சிக் கதைதான். நம்ம கோட்டைய பிரெஞ்சுக்காரன் கொஞ்ச வருஷம் வெச்சிருந்தான் இல்ல, அந்தக் காலத்துல நடக்குற கதை. இங்க இருந்த தளபதிக்கு ஒரு பொண்ணு, இசபெல். அவ அப்பாவுக்கு சொல்லாம ஒரு மாலுமிய விரும்புறா. அவன் கப்பலேறிப் போயிடுறான். தெனம் இந்த மண்டபத்துல வந்து உக்காந்துக்கிட்டு கடலப் பாப்பா.

— தோ, நாம உக்காந்திருக்கற எடத்துலயா?

— இங்கதான். ஆனா அவர் எழுதுன செஞ்சியே வேற. மலை அடிவாரத்துல தாமரைக் கொளம், அதுல படகு. காலைல மேகம் கதவத் தள்ளிக்கிட்டு ரூமுக்குள்ள வந்துடும். இசபெல் எழுந்திருச்சி மேகத்த ரெண்டு கையாலயும் வெலக்கிக்கிட்டு தன் செருப்பத் தேடுவா.

— அது நல்லாருக்குதே.

— பாறையெல்லாம் ராத்திரியில எடம் மாறும்னு எழுதியிருக்கார். விடியறதுக்குள்ள திரும்ப அதது அதது எடத்துக்கு வந்து உக்காந்துக்கும். அதான் அந்தப் பாறைங்க எப்பவும் விழப்போற மாதிரியே நிக்குதாம்.

— அது நெசமா இருக்கும்ணா. அந்த சந்திராயன் மலைப் பக்கம் பாரு. இப்ப மேகத்து நெழல் போவுது இல்ல, மொத்தப் பாறையும் ஒரு அடி தள்ளி உக்காந்த மாதிரி இருக்குது. சின்னப் புள்ளைல இருந்து எனக்கு அப்டிதான் தோணும்.

— எனக்கும்தான். அதப் படிச்சப்ப ஒடம்பு சிலுத்துப் போச்சி. ஏன்னா அந்த மனுஷன் அதுவரைக்கும் செஞ்சியப் பாத்ததே இல்ல.

— பாக்காமயா எழுதினாரு?

— பாக்காமதான். அவங்க அம்மா பொறந்தது பாண்டிச்சேரியில. ஒரு துணிக் கிடங்கு கணக்கர் பொண்ணு. ஏழு வயசுலயோ எட்டு வயசுலயோ கப்பல்ல ஏத்தி பிரான்ஸுக்குக் கொண்டு போயிட்டாங்க. அதுக்கு முன்ன ஒரே ஒருவாட்டி அவங்க அப்பாகூட மாட்டு வண்டியில செஞ்சிக்கு வந்திருக்காங்க. வழியில காய்ச்சல். காய்ச்சலோடயே தூக்கிக்கிட்டு வந்து இந்த மலைமேல ஒக்கார வெச்சிருக்காங்க. அந்தக் கண்ணுல பாத்ததத்தான் புள்ளைக்கு சொல்லிச் சொல்லி வளத்தாங்க. மேகம் கதவத் தள்ளுனது, பாறை நகந்தது, கடல் தெரிஞ்சது, எல்லாம் அந்தம்மா சொன்னது.

— காய்ச்சல்ல கண்டதா.

— கனவோ, நெசமோ. லூசியேனோட அப்பா சீக்கிரம் செத்துட்டார். ஒத்தப் புள்ள. மீன் வாட வீசுற ஒரு தொறமுகத்து சந்துல, அந்தம்மா ஊருக்குத் துணி தெச்சிக் குடுத்து வளத்தாங்க. புள்ளைக்கு வெளையாட ஒண்ணும் கெடையாது, இந்த மலைதான். ரெண்டு பேரும் அதப் பேசிப் பேசியே பெரிசாக்கியிருக்காங்க. ஒரு நாள் அம்மா ஒரு வாசல் வெப்பாங்களாம், மறுநாள் புள்ள ஒரு படிக்கட்டு கட்டுவானாம்.

— அப்புறம் இன்னாச்சி?

— வளந்தார், பாரிஸ் போனார். அங்க ஒரு சலவக்காரம்மா பொண்ணு, மார்த். அவளக் கட்டிக்கிட்டார். அம்மாகிட்ட சொல்லல. சொன்னா ஒத்துக்க மாட்டாங்கன்னு இவரே முடிவு பண்ணிக்கிட்டார். சர்ச்சுல நாலு பேர வெச்சி முடிச்சிட்டு, ரெண்டு மாசம் கழிச்சி பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போனார். அதுக்குள்ள வேற யாரோ வந்து சொல்லிட்டாங்க. அந்தம்மா கதவத் தொறக்கல. உள்ளருந்தே, எனக்குப் புள்ள இல்லன்னு சொல்லிட்டாங்க.

— ம்.

— ஏன் அப்டிப் பாக்குற?

— ஒண்ணுமில்ல. சொல்லு.

— தெரியும் நீ என்ன நெனக்கிறன்னு.

— நான் ஒண்ணும் நெனக்கலண்ணா. நம்ம வீட்டுக் கதைய எவனோ வெள்ளக்காரன் அந்தக் காலத்துலயே எழுதிட்டானேன்னு பாக்குறேன்.

— எழுதல. அவர் அப்டி வாழ்ந்தார். வெந்நி போட்டுக் குடுத்தது அந்த மார்த்துதான். அப்பதான் இந்தக் கதைய ஆரம்பிச்சார். அம்மா சொன்ன மலையையே எழுதி, வாரா வாரம் பேப்பரத் தபால்ல அம்மாவுக்கு அனுப்புவார். ஒரு வார்த்த பதில் கெடையாது. ஊரே படிச்சிது. ஒரு வாரம் இசபெல்லுக்குக் காய்ச்சல்னு எழுதிட்டார். மறுநாள் ஒரு கெழவி பேப்பர் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்குதாம், கையில கஷாயத்தோட.

— பாவம். வாங்கிக் குடுத்திருக்கணும்.

— யாருக்கு?

— யாரோ ஒருத்தருக்கு. அவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்திருக்குது.

— நீ நைனா மாதிரியே பேசுற.

— நைனா பேர நீயே எடுத்துட்ட. நான் எடுக்கல.

— வாய்ல வந்துடுச்சி. சரி, எறங்கலாம் வா.

— முடியாதுண்ணா. பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராது. அந்தம்மா கடைசி வரைக்கும் படிக்கவே இல்லயா?

— பல வருஷம் கழிச்சி செத்துப்போனாங்க. அதுக்குதான் இவர் ஊருக்குப் போனார். கடைசியில அவங்களப் பாத்துக்கிட்ட ஒரு பொம்பள அப்பதான் சொல்லுது. பாட்டிக்குக் கண்ணு மங்கிப் போச்சி, பேப்பர் வந்த ஒடனே என்னப் படிக்கச் சொல்லும். ஒருவாட்டி இல்ல, ரெண்டுவாட்டி. கேட்டு முடிச்சதும், "தப்புத் தப்பா எழுதுறான், அந்த வாசல் அந்தப் பக்கம் இல்ல"ன்னு சொல்லும். சொல்லிட்டு சிரிக்கும்னு சொல்லுது.

— ஐயோ பாவமே.

— அன்னிக்குப் புடிச்சது அவருக்கு. யார் சொன்னது சரி? வாசல் எந்தப் பக்கம்? நேர்ல போயிப் பாத்துட்டாத்தான் ஆச்சின்னு ஒரே புடியா நின்னார். அறுவது வயசுக்கு மேல. மார்த் ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தாங்களாம், இந்தியாவுல குளுருமோன்னு. கப்பலேறி பாண்டிச்சேரி வந்து எறங்கினார்.

— அப்ப இங்க வந்திருக்காரு.

— வரல.

— பாண்டி வரைக்கும் வந்துட்டா?

— ஒரு டாக்டர் வீட்ல தங்குனார். பின்னாடி அந்த டாக்டர்தான் இதெல்லாம் எழுதி வெச்சது. செஞ்சிக்குப் போக ஒரு வண்டி பேசுனாங்க. வண்டிக்காரன் விடியக்கால மாட்டப் பூட்டிக்கிட்டு வந்து நிப்பான். இவர் கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டு வாசலுக்கு வருவார். மாட்டத் தடவிக் குடுப்பார். நாளைக்குப் போலாம்னு சொல்லிட்டு உள்ள போயிடுவார். மறுநாளும் அப்டிதான். ஒரு கட்டத்துல வண்டிக்காரனே டாக்டரப் பாத்து, ஐயா இன்னிக்கும் நாளைக்குத்தானேன்னு கேக்க ஆரம்பிச்சிட்டான்.

— கேக்க மாட்டானா பின்ன.

— அப்புறம் வண்டியில ஏறி உக்காருவார். ஊர் எல்லை வரைக்கும் போயிட்டுத் திரும்புவாங்க. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தூரம். ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. ஆனா பேசிக்கிட்டே போவாங்களாம். ஒரு நாள் மயிலம் தாண்டிட்டாங்க. தூரத்துல வானத்தோட வானமா, நகத்தளவு நீலமா ஒண்ணு தெரிஞ்சிது. வண்டிக்காரன் கையக் காட்டி, செஞ்சின்னு சொன்னான். அந்த ஒரு வார்த்த அவருக்கும் புரியும் இல்ல.

— ம்.

— வண்டிய நிறுத்தச் சொன்னார். எறங்கி ஒரு புளிய மரத்தடியில நின்னுக்கிட்டு வெயில் சாயற வரைக்கும் பாத்தார். அப்புறம், போதும், திரும்புன்னு கைய ஆட்டிட்டார்.

— ஏண்ணா? அவ்ளோ தூரம் கடல் தாண்டி வந்துட்டு.

— டாக்டரும் அதத்தான் கேட்டார். அதுக்கு அவர் சொன்னாராம்: போயிப் பாத்தா, ரெண்டு பேர்ல ஒருத்தர் சொன்னது தப்புன்னு தெரிஞ்சிடும். அம்மா சொன்னது தப்புன்னா எனக்குத் தாங்காது. நான்தான் தப்புன்னா, அம்மா நீ சொன்னதுதான் சரின்னு ஓடிப்போயிச் சொல்லணும்னு தோணும். யார்கிட்ட போயிச் சொல்லுவேன்?

— அப்புறம் இன்னா பண்ணாரு?

— அடுத்த கப்பல்ல திரும்பிட்டார். ஊருக்குப் போயி அந்தக் கதைய மறுபடி அச்சுப் போட்டப்ப ஒரு எழுத்தக்கூட மாத்தல. மொதப் பக்கத்துல மட்டும் ஒரே ஒரு வரி சேத்தார். "அம்மா சொன்னதே சரி." அவ்ளோதான். ரெண்டு குளிர்காலம் கழிச்சி செத்துட்டார்.

— நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே.

— சொல்லு.

— நைனாவுக்கு உன் மேல கோவம் அண்ணி முஸ்லிம்ன்றதால இல்ல. நீ அப்டிதான் நெனச்சிக்கினு இருக்க.

— கட்சிக்காரங்க மேடையில பேசுனதக் கேட்டுட்டு எழிலன், தமிழினின்னு பேர் வெச்ச மனுஷன். அவருக்கு அந்தப் புத்தி இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நடுத்தெருவுல நின்னு, எனக்கு ஒரே பொண்ணுதான்னு சொன்னாரே.

— சொன்னாரு. ஏன் சொன்னாரு? கோதண்டராமன் மைக் செட்டுன்னா இந்தத் தாலுக்காவுல தெரியாதவங்க உண்டா? எந்த வீட்டுக் கல்யாணம்னாலும் மொத நாளே போயி கொழா கட்டி, பாட்டுப் போட்டு, இன்னார் மவனுக்கும் இன்னார் மவளுக்கும்னு ஊருக்கெல்லாம் சொன்னது அவரு வாயி. பெத்த புள்ள கல்யாணத்த டீக்கடையில ஒருத்தன் சொல்லிக் கேட்டுக்கினு வந்தாரு. கைல டீ கிளாஸ். குடிக்காம அப்டியே வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. அந்தக் கிளாஸத் திருப்பிக் குடுக்க நான்தான் போனேன்.

— இத ஏன் நீ இவ்ளோ நாளா சொல்லல?

— நீ கேக்கல. பாண்டிக்கு வரும்போதெல்லாம் நைனா எப்டி இருக்காருன்னு கேப்ப. சுகர் எவ்ளோன்னு கேப்ப. அவருக்கு இன்னா வலின்னு கேட்டதில்ல.

— சொன்னா வேணாம்பாருன்னு நெனச்சேன்.

— சொல்லியிருந்தா ரெண்டு நாள் கத்தியிருப்பாரு. மூணாம் நாளு ஆம்ப்ளிஃபயரத் தொடச்சிருப்பாரு. அழாதண்ணா. கொரங்கு பாக்குது.

— அம்மா போனப்ப உனக்கு மூணு வயசு. உனக்கு ஞாபகம் இருக்காது. கல்யாண வீடுங்களுக்கு நம்ம ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுதான் போவார். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல கோணியப் போட்டு நம்மளப் படுக்க வெப்பார். அந்தச் சத்தத்துலயே தூங்குவோம். பாட்டு நின்னாத்தான் முழிச்சிக்குவோம். ராத்திரி பாட்ட நிறுத்தும்போது ஒரேடியா நிறுத்த மாட்டார். நாம முழிச்சிக்கக் கூடாதுன்னு கொஞ்சம் கொஞ்சமா சத்தத்தக் கொறைப்பார்.

— எனக்கு ஞாபகம் இருக்குது. பாட்டு தூரமாப் போயிக்கினே இருக்கும். கெனாவுக்குள்ள போற மாதிரி.

— தமிழு.

— ம்.

— அந்த லூசியேனுக்கு சொல்ல ஆள் இல்லாமப் போச்சி. எனக்கு ஆள் இருக்குது. தோ, கீழதான் வீடு. இங்கருந்தே ஓடு தெரியுது. எழுந்திரு, போலாம்.

— எங்க?

— நம்ம வீட்டுக்கு. நைனாவப் பாக்கணும். நான் பண்ணதுதான் தப்புன்னு சொல்லணும். கதவ சாத்துனா வாசல்ல உக்காந்துக்குறேன்.

— இன்னிக்கு வேணாம்ணா.

— என்னது?

— இன்னொரு நாள் வா. நானே கூட்டிட்டுப் போறேன்.

— ஆறு வருஷமா வா வான்னு உசுர எடுத்தவ நீதான். இப்ப நானே வர்றேன்றேன், வேணாம்ன்ற. இன்னொரு நாள்னு தள்ளித்தான் அந்த லூசியேன் கெட்டான்.

— கொஞ்ச நேரம் உக்காரு. வெயில் எறங்கட்டும்.

— காலைல இருந்து உக்காரு உக்காருன்னே சொல்ற. என்ன விஷயம்? ஒடம்புக்கு ஏதாவதா?

— நல்லாதான் இருக்காரு.

— பின்ன? என் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரா? சொல்லு, தாங்கிக்குறேன்.

— வீட்ல இல்லண்ணா. கடையும் சாத்திதான் இருக்குது.

— எங்க போயிருக்கார்?

— பாண்டிக்கு.

— பாண்டியில அவருக்கு என்ன வேல?

— காலைல வெள்ள வேட்டி சட்ட போட்டுக்கினு, மொதப் பஸ்ஸுக்குக் கெளம்பிட்டாரு. கைல ஒரு பையி. மணிலாக்கொட்ட அவிச்சித் தான்னு என்ன நாலு மணிக்கே எழுப்பினாரு. புள்ளைக்குப் புடிக்குமான்னு கேட்டாரு.

— எந்தப் புள்ளைக்கு?

— சுவாதிக்குதாண்ணா. போன மாசம் என் போன்ல அவ ஆடுற வீடியோவப் பாத்தாரு. மறுநாள் ஒயர் சுத்திக்கினே கேக்குறாரு, எழிலன் வீட்ல இல்லாத நாளா பாத்து சொல்றியா, ஒருவாட்டி போயி புள்ளைய மட்டும் பாத்துட்டு வந்துடுறேன்னு. அவன எதுத்தாப்ல பாத்தா எனக்கு வாய் வராதுன்னாரு. நான் உனக்கு போன் பண்ணி, கடல் தெரியுமான்னு நேர்ல வந்து பாத்துட்டு எழுதுண்ணான்னு சொன்னது அதுக்குதான். உன்ன சாயந்தரம் வரைக்கும் இந்த மலமேல வெச்சிருக்கறதுதான் எனக்கு அவரு குடுத்த வேல.

— சனோபருக்குத் தெரியுமா?

— அண்ணிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். சேமியா பாயாசம் வெக்கிறேன்னுச்சி. சுகருக்கு ஆவாதுன்னேன். ஒரு நாளு பரவால்லன்னுச்சி. கோவமாண்ணா?

— இல்ல. ஒக்காந்துக்குறேன் நகரு. அவர் நிதானமா பாத்துட்டு வரட்டும். நான் இப்ப போயி நின்னா பயந்துக்கினு கெளம்பிடுவார்.

— அப்ப பஸ்ஸு?

— கடைசி பஸ்ஸுக்குப் போறேன். இல்லன்னா நாளைக்குப் போறேன்.

— நாளைக்குன்னு சொல்லாத. அந்த வார்த்தயக் கேட்டாலே இப்ப பயமா இருக்குது.

— உன் போன் அடிக்குது பாரு.

— அண்ணிதான். இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். சொல்லு அண்ணி. அண்ணனும் இங்கதான் இருக்குது, எல்லாத்தயும் சொல்லிட்டேன்.

— நல்லதாப் போச்சி தமிழு, இனிமே மறைக்கவும் முடியாது. மாமா சாப்ட்டாங்க, சுவாதி அவங்க மடியிலயே தூங்கிட்டா. நேரமாச்சி, அவரு வர்றதுக்குள்ள கெளம்பணும்னு சொன்னீங்களே மாமான்னு ஞாபகப்படுத்தினேன். புள்ளைய பாயில படுக்க வெச்சிட்டு, சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, அவன் எத்தன மணிக்கு வருவான்னு கேட்டு சொல்லு, வந்தப்புறமே போறேன்னு உக்காந்துட்டாங்க.